தீபாவளிக்குப் பூ வேண்டுமா? நாளை எண்ணி விதையுங்கள்!



சென்ற தீபாவளியன்று என் வாசலில் செண்டுமல்லி மொட்டாகவே நின்றது. சாமி படத்துக்குக் கடைப் பூதான். மறுவாரம் பாத்தி முழுவதும் பூத்துக் குலுங்கியது! குற்றம் செடியுடையதல்ல; நாளை எண்ணாமல் விதைத்த என்னுடையது.

குளிர் நாடுகளில் ஆஸ்டர் என்றொரு பூ உண்டு. நம் செவ்வந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி எல்லாம் அதன் குடும்பந்தான். அங்கே கோடை முடிந்து பகல் குறையத் தொடங்கியதும், ஆஸ்டர் தானே உணர்ந்து பூக்கும். நம் செனாவாங் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. செவ்வந்திக்கு இந்தப் பகல் குறுகியது. சிறு செடியிலேயே மொட்டு வைத்துவிடும். அதனால்தான் கேமரன் மலையில் இரவில் விளக்கெரித்து, செடி உயர்ந்த பின்னரே பூக்க விடுகிறார்கள்.

நமக்கு அந்தச் செலவு வேண்டாம். வெயில் தாங்கும் செண்டுமல்லி போதும். விதைத்து 60, 70 நாளில் பூக்கும். ஆகவே தீபாவளியிலிருந்து 75 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அதுதான் விதைக்கும் நாள். பொங்கலுக்கு என்றால் அக்டோபர் கடைசியில் விதைக்கலாம்.

லயத்து முற்றமோ, தாமான் வீட்டு வேலியோரமோ, நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். விதைமேல் மெல்லிய மண் தூவினால் போதும். ஒரு வாரத்தில் முளைக்கும். நாலைந்து இலை விட்டதும் ஓரடி இடைவெளியில் பிடுங்கி நடுங்கள். ஒரு மாதம் கழிந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காதுதான்! ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை விட்டுப் பூ பெருகும்.

எருவை அள்ளிக் கொட்டாதீர்கள், இலைதான் தழைக்கும். அக்டோபர், நவம்பரில் மாலை மழை அதிகம். பாத்தியை உயர்த்தி, செடிக்குக் குச்சி நட்டுக் கட்டுங்கள். டின்னில் வளர்ப்பவர்கள் அடியில் துளையிட மறக்க வேண்டாம். வாடிய பூவை உடனே கிள்ளினால் புதுமொட்டு தொடரும்.

கடைசியில் நல்ல பூ நாலைந்தைச் செடியிலேயே காயவிட்டு, விதையை நிழலில் உலர்த்திப் புட்டியில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். இந்தத் தீபாவளிக்கு உங்கள் வாசல் தோரணத்தில் உங்கள் கைப் பூவே தொங்கட்டும்!