மோட்டார் மின்கலமும் நம் நாட்டு வெயிலும்

மோட்டார் வண்டியின் பாட்டரி ஒருநாட் காலையில் திடுமென ஓய்ந்துவிடின், கடைக்காரர் ஏமாற்றினாரென்று வைவது நம்மவர் வழக்கு. பெரும்பாலும் குற்றவாளி கத்திரி வெயிலே.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்ட ஈயத்தகடும் கந்தகத் திராவகமுமே இன்றும் அதன் உள்ளீடு. வெப்பம் 10 பாகை மிகுந்தால் தகட்டின் அரிப்பு ஏறத்தாழ இருமடங்காகுமென்பர். நீரும் விரைந்து வற்றும். ஆதலின் குளிர்நாட்டிற் போல ஈண்டு அது நெடுநாள் உழைப்பதில்லை. 3 ஆண்டு கடந்தபின் அடிக்கடி சோதித்தல் நன்று.

மூடி திறக்கும் வகையாயின், வற்றுவது நீரேயன்றித் திராவகமன்று. வாலையில் வடித்த நீரையே வார்த்தல் வேண்டும். குழாய்நீரின் உப்புத் தகட்டைக் கெடுக்கும். வலுவூட்டுவதாக எண்ணித் திராவகமே வார்ப்பாரும் உளர். நோயாளிக்கு நஞ்சூட்டும் வைத்தியம் இது! வண்டியை நிழலில் நிறுத்தற்கோ காசு வேண்டா.

இனிப் பழையதை என்செய்வது? சிறிது காசு மிகுதியாய்க் கிடைக்குமென்று அதனைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் விற்பதை யான் ஒருபோதும் ஒப்பேன். அவ்வீயம் யாதேனும் ஒரு கொல்லைப்புறத்தில் உருக்கப்படுமாயின், அதன் புகையும் தூசும் அயல்வீட்டுக் குழந்தைகளின் குருதியிற் கலந்து மூளையைக் கெடுக்கும். பழையவற்றைத் திரும்பப் பெறும் கடமையை 2022-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் உற்பத்தியாளர்மேற் சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்புவித்து, விலையிற் கழிவு கேட்டுப் பெறுக.