ஆமைக்குக் கட்டளை இடுவது யார்?

தனியார் பள்ளியில் அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "ஸ்மார்ட் போர்டு இருக்கா?" என்பது. இருக்கிறது என்பார்கள். பல பள்ளிகளின் கட்டண ரசீதில் அதற்கென்று தனி வரியும் இருக்கும். பேச்சு அதோடு முடிந்துவிடும். என்ன கருவி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இவை இரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதற்கு நம் பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமான ஓர் ஆமையே சாட்சி.

1967இல் அமெரிக்காவில் வாலி ஃபோர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்று ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். பெயர் லோகோ. திரையில் ஓர் ஆமை இருக்கும். அதன் வாலில் பேனா கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். போகிற வழியெல்லாம் கோடு விழும். 100 எட்டு முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு என்று நான்கு தடவை சொன்னால் சதுரம்.

இதுவரை எளிது. சமபக்க முக்கோணத்தில்தான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. அதன் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளை, 60 பாகை திரும்பச் சொல்லி மூன்று தடவை ஓட்டும். ஆமையோ அடிப்பக்கமும் இரண்டு விலாவும் மட்டும் உள்ள ஒரு கிண்ணத்தை வரைந்துவிட்டு, வாய் மூடாமல் நின்றுவிடும். படித்தது பொய்யா? இந்த இடத்தில் பேப்பர்ட் சொன்ன வழி, நீயே ஆமையாகி நடந்து பார் என்பது. எழுந்து, மூன்று எட்டு வைத்து, மூலையில் திரும்பிப் பார்த்தால் விஷயம் உடம்புக்குப் புரிந்துவிடும். மூலையில் நாம் திரும்புவது உள்கோணத்தின் அளவுக்கு இல்லை, வெளிக்கோணத்தின் அளவுக்கு. 180இல் 60 போக 120. புறப்பட்ட இடத்துக்கே வந்து அதே திசையைப் பார்த்து நிற்க வேண்டுமானால் மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும். அதை மூன்றாகப் பங்கிட்டால் 120, நான்காகப் பங்கிட்டால் 90. அந்தக் கிண்ணத்தை விட்டுவிடாமல் இன்னும் மூன்று தடவை ஓட்டியிருந்தால் அழகான அறுகோணம் கிடைத்திருக்கும். தப்பு என்று அழித்தது வேறொரு கணக்கின் சரியான பாதி. இதை ஒரு குழந்தை தானே கண்டுபிடிக்க அரை மணியும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அவ்வளவு நேரத்தைக் கொடுக்க ஒரு பள்ளி துணியுமா என்பதுதான் பிரச்சினை.

ஒரு பள்ளி துணிந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1882 முதல் நடந்துவரும் மெதடிஸ்ட் மகளிர் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி, உண்மையில் பள்ளிக்கூடம். கட்டணம் வாங்கி நடத்தப்படும் தனியார் பள்ளி. அதன் தலைமையாசிரியர் டேவிட் லோடர், 1990இல் பிள்ளைகள் ஆளுக்கொரு மடிக்கணினியோடு வரும் ஏற்பாட்டைத் தொடங்கினார். வாங்கியவர்கள் பெற்றோர். வசதியுள்ளவர்களின் பள்ளி என்பதை மறைக்க வேண்டியதில்லை. உலகிலேயே முதல்முறை என்று அந்த முயற்சியை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது மடிக்கணினியைவிட அதைச் சுற்றி அவர்கள் செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும். கணினியைத் தனி அறையில் பூட்டிவைத்து வாரத்துக்கு ஒருமுறை திறந்து காட்டவில்லை. அது பையில் இருந்தது, வீட்டுக்கும் போனது. அதில் பிள்ளைகள் முக்கியமாகச் செய்தது லோகோவில் நிரல் எழுதுவது. கணினிக்கென்று தனிப்பாடம் ஒதுக்காமல் மற்றப் பாடங்களுக்குள்ளேயே அதை நுழைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆசிரியர்களைச் சில நாள் வெளியே தங்கவைத்து, அவர்களையும் மாணவர்களைப் போல உட்காரவைத்து, நிரல் எழுதித் தடுமாற விட்டார்கள். தானே தடுமாறிய ஆசிரியருக்குத்தான் குழந்தையின் கிண்ணத்தைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுக்கக் கூடாது என்று தெரியும்.

இனி நம் பக்கம் வருவோம். இதே லோகோ, இதே ஆமை, நம் தனியார் பள்ளிகளுக்கும் வந்தது. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகங்களில் பல ஆண்டுகளாக இருந்தது. சில பள்ளிகளில் இன்னமும் இருக்கிறது. ஆரம்ப வகுப்பில் கணினி கூடுதல் பாடம். அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது. எந்தப் புத்தகத்தை வைப்பது, எப்படி நடத்துவது என்பதில் பள்ளிக்கு இதைவிட அதிகச் சுதந்திரம் வேறு பாடத்தில் இல்லை. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்? கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னோம். எஃப்.டி. என்றால் ஃபார்வர்டு, பி.யு. என்றால் பென் அப் என்று நோட்டில் எழுதவைத்தோம். "லோகோவின் விரிவாக்கம் என்ன?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டோம். இதில் ஒரு கூத்து உண்டு: லோகோ என்ற பெயருக்கு விரிவாக்கமே கிடையாது. சொல் என்று பொருள்படும் கிரேக்க வார்த்தையிலிருந்து ஃபோர்சைக் வைத்த பெயர் அது. யாரோ கட்டிய ஒரு விரிவாக்கத்தை மனப்பாடம் செய்து பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். ஆமை நகராமலேயே பாடம் முடிந்தது.

கம்ப்யூட்டர் மிஸ் மீது பழி போடுவது நியாயமாகாது. அவர் கையில் இருப்பது வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள், முடிக்க வேண்டிய புத்தகம், திருத்த வேண்டிய தாள். முக்கோணம் மூடவில்லை என்று ஒரு குழந்தை கேட்டால், "120 போடு" என்று சொல்லி நகர்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. விடை சரி, பாடம் போயிற்று.

லோகோவை ஆராதிக்கவும் வேண்டாம். 1980களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும், லோகோ கற்ற பிள்ளைகள் திட்டமிடும் திறனில் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கிறார்களா என்று சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. பேப்பர்ட்டின் மறுமொழி கோபமாகவே வந்தது. மரம் நல்ல வீட்டைத் தருமா என்று எவராவது கேட்பார்களா, தச்சனைப் பற்றியல்லவா கேட்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். தன் கருவிக்காக வாதாடுகிறார் என்று அதை ஒதுக்கலாம். ஆனால் 2015இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் அதே கதையைத்தான் வேறு விதமாகச் சொன்னது: பள்ளிக் கணினிகளுக்குப் பெருமளவு செலவிட்ட நாடுகளின் மாணவர்கள் வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டவில்லை.

அப்படியானால் ஸ்மார்ட் போர்டைக் கழற்றிவிடலாமா? வேண்டாம். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. அசையும் படத்தில் காட்டலாம். ஆனால் அந்தப் படம் ஓடும்போது குழந்தை பார்வையாளர், பல நேரம் ஆசிரியரும் பார்வையாளர்தான். கட்டளை இடுவது எங்கோ உட்கார்ந்து அதைத் தயாரித்தவர். வீட்டில் பிள்ளை பயன்படுத்தும் கற்றல் செயலியிலும் பெரும்பாலும் அதே கதை: கேள்வி அதனுடையது, நான்கு விடைகளும் அதனுடையவை, தப்பென்றால் சிவப்பு விளக்கு. லோகோவில் அது தலைகீழ். சொல்கிறவர் குழந்தை, கேட்பது இயந்திரம். இப்போது பள்ளிகளுக்குள் வரத் தொடங்கியிருக்கும் செயற்கை நுண்ணறிவையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம். "120" என்று உடனே விடை சொல்லவும் அதற்குத் தெரியும், "எழுந்து நடந்து பார்த்தாயா?" என்று கேட்கவும் பழக்கலாம். எதைக் கேட்டு வாங்குவது என்று தீர்மானிக்கிறவர் தாளாளர். அவரை நெருக்கக் கூடியவர்கள் கட்டணம் கட்டும் பெற்றோர்.

அடுத்த அட்மிஷன் நாளில் போர்டு இருக்கிறதா என்று கேட்டபின் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். அதை வாங்கிய ஆண்டில் ஆசிரியர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள்? கணினி வகுப்பில் முக்கோணம் மூடாமல் போனால், அந்தப் பீரியட் முடிய மணி அடித்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கும்?