பரணில் இருப்பதும் மனத்தில் இருப்பதும்



ரமழானை முன்னிட்டு வடசேரியில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது இரண்டு குவியல்கள் சேர்ந்தன. ஒன்றில் சாயம் போன துணிகள், கைப்பிடி உடைந்த பாத்திரங்கள். மற்றதில் மறைந்த உம்மா பெருநாளுக்கு மட்டும் உடுத்திய சேலைகள். முதற்குவியலை ‘ஏழைகளுக்கு’ என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். இரண்டாவதைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், பல ஊர்களிலிருந்து வந்த பழந்துணிகள் நாகப்பட்டினத்தில் உடுத்துவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. அனைத்தையும் இழந்தவர்க்கும் மானம் உண்டென்பதை அனுப்பியவர்கள் மறந்துவிட்டார்கள்.

நமக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும்படியான மட்டமான பொருளைத் தர்மத்திற்கு ஒதுக்கலாகாது என்கிறது அல்குர்ஆன் (2:267). விருப்பமானதைச் செலவிடச் சொல்லும் வசனம் (3:92) அருளப்பட்டதும், அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தையே வழங்க முன்வந்தார்கள். அதை உறவினர்க்குக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்.

அந்த வழிகாட்டலே எங்களுக்கும் தெளிவு தந்தது. மறைந்தவரின் பொருள் வாரிசுகளுக்குரியது. ஆகவே உடன்பிறந்தோர் அனைவரின் சம்மதத்தையும் பெற்று, சேலைகளைச் சிரமப்படும் உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுத்தோம். உம்மாவின் தஸ்பீஹ் மணியை மட்டும் வைத்துக்கொண்டோம். உடைந்தவை பழைய சாமான் கடைக்குப் போயின.

இடத்தை அடைப்பதைக் கழிப்பது வீட்டைச் சுத்தமாக்கும். மனம் பற்றிக்கொண்டிருப்பதைக் கொடுப்பதே தர்மம். பெருநாளன்று உம்மாவின் சேலையை வேறொருவர் உடுத்தி வரக் கண்டபோது, எங்களுக்கு இழப்பாகத் தோன்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.