பொருளியல் பாடம் தேக்காவில் தொடங்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் வெளிநாட்டு ஊழியர்கள் அண்ணாந்து நிற்பதைப் பார்க்கலாம். ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்ற அந்த ஒரே எண்ணில்தான் எல்லோர் கண்ணும். நேற்றைவிட இருபது பைசா கூடியிருக்கிறது. இன்றே அனுப்பிவிடுவதா, இன்னும் ஏறட்டும் என்று அடுத்த வாரம்வரை வைத்திருப்பதா? கைப்பேசியில் மனைவியிடமோ அண்ணனிடமோ ஆலோசனை நடக்கும். பேரியல் பொருளியலில் ‘எதிர்பார்ப்புகள்’ என்று தனித் தலைப்பே உண்டு. அது இங்கே வாரந்தோறும் நடைபாதையில் அலசப்படுகிறது.

அதே மாலையில் நம் வீட்டுப் பிள்ளை துணைப்பாட வகுப்பில் உட்கார்ந்து, ‘நாணய மதிப்பு உயர்ந்தால் விளைவு என்ன’ என்ற கேள்விக்கான மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். மேல்நிலைத் தேர்வில் அதற்கு நல்ல தரமும் கிடைக்கும். ஆனால் அரிசி விலை ஏன் ஏறியது என்று பாட்டி கேட்டால், பதில் ‘இன்ஃபிளேஷன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. எச் 2 பொருளியலின் முதல் தாளில் உண்மைத் தரவுகளை வைத்துத் தலா 30 மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆய்வுக் கேள்விகள் வருகின்றன. இரண்டாம் தாளில் 25 மதிப்பெண் வீதம் மூன்று கட்டுரைகள். சிங்கப்பூரின் நாணயக் கொள்கையும் பாடத்தில் இருக்கிறது. கோளாறு கற்பிக்கும் வரிசையில் இருக்கிறது. மொத்தத் தேவை, மொத்த அளிப்பு என்று இரண்டு கோடுகளை வரைந்துவிட்டு, கடைசியில் ‘சிங்கப்பூருக்கு இது எப்படிப் பொருந்தும்’ என்று ஒரு பத்தி ஒட்டுகிறோம். இதைத் தலைகீழாக்க வேண்டும் என்கிறோம். கடைத்தெரு முதலில், கோடு பிறகு.

நம் நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பாடநூல் சொல்லும் மத்திய வங்கி வட்டி விகிதத்தை ஏற்றி இறக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையமோ 1981 முதல் வட்டியை விட்டுவிட்டு, வர்த்தகப் பங்காளி நாடுகளின் நாணயத் தொகுப்புக்கு எதிராக வெள்ளியின் மதிப்பைத்தான் நிர்வகிக்கிறது. காரணம் எளிது. இங்கே செலவாகும் ஒவ்வொரு வெள்ளியிலும் ஏறத்தாழ 40 காசு இறக்குமதிக்குப் போகிறது; உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. வெள்ளி வலுத்தால் வெளிநாட்டுப் பொருளின் விலை இங்கே அடங்கும். 2021 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபருக்குள் ஆணையம் ஐந்து முறை கொள்கையை இறுக்கியது. அப்படியும் மூலாதாரப் பணவீக்கம் 2023 தொடக்கத்தில் 5.5 விழுக்காட்டைத் தொட்டது. ஐந்து முறை இறுக்கியும் ஏன் ஏறியது, இறுக்காமல் விட்டிருந்தால் எங்கே போயிருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு வாரம் முழுக்க வகுப்பில் விவாதிக்கலாம்.

விவாதத்துக்கான சரக்கு தேக்கா நிலையச் சந்தையில் குவிந்து கிடக்கிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது. அந்த டிசம்பரில் வெங்காயத்துக்கும் போட்டு, 2024 மே மாதம்தான் விலக்கியது. வலுவான வெள்ளி வெங்காயத்தை விளைவித்துத் தராது. வேறு நாட்டிலிருந்து வாங்கும்போது வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. விநியோக அதிர்ச்சி வேறு, நாணய மதிப்பு வேறு என்பது வெங்காயக் கூடைக்கு முன்னால் நின்று யோசித்த மாணவருக்கு மறக்காது.

இன்னொன்று, ‘பெருக்கி’. அரசாங்கம் செலவிடும் பணம் கைமாறிக் கைமாறிப் பெருகும் என்கிறது பாடநூல். 2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு தரப்பட்டது. அதில் பத்து வெள்ளியை மீன்கடையில் கியூஆர் குறியீடு காட்டிச் செலவழிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மீன் மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்திருக்கும். பத்தில் பெரும்பகுதி அன்றைக்கே கடல் தாண்டிவிடும். கடைக்காரருக்கு மிஞ்சியதில் ஒரு பங்கு மத்திய சேம நிதிக்கு. சிங்கப்பூரில் பெருக்கி ஏன் சிறியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோடும் காட்டாது. 1985ஆம் ஆண்டு மந்தத்தில் அரசாங்கம் செலவைப் பெருக்குவதை மட்டும் நம்பாமல், 1986இல் முதலாளிகளின் சேம நிதிச் சந்தாவை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு வெட்டியதன் தர்க்கமும் இங்கிருந்துதான் பிடிபடும். அன்றைய வெட்டை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் தேக்காவில் இன்றும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசிய ரிங்கிட்டும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியான காலத்தையும் அவர்கள் சொல்வார்கள்; அது 1973இல் முடிந்தது.

இரண்டாவதாக ஒன்று கேட்கிறோம். தொடக்கக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பொருளியல் கருத்தையாவது தாய்மொழியில், வீட்டுப் பெரியவர் ஒருவருக்கோ கடைக்காரர் ஒருவருக்கோ ஐந்து நிமிடம் விளக்கட்டும். பொருளியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கட்டும். ‘அப்ரிசியேஷன்’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாதபோதுதான் புரிந்ததா இல்லையா என்பது வெளியே வரும். தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் பேரேட்டையும் ஐந்தொகையையும் தமிழில்தான் எழுதினார்கள். கடல் கடந்த கடனும் வட்டியும் அந்தத் தமிழுக்கு அடங்கின.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மேல்நிலைத் தேர்வுக்குப் பாடத்தை முடிப்பதே ஓட்டப்பந்தயம். ஆனால் அந்த நேரத்தைத் தின்பது எது? ஒரே கட்டுரையை நான்கு முறை எழுதிப் பார்ப்பது. பள்ளியில் போதாது என்று வெளியிலும் எழுதுகிறார்கள். 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவின ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது சுமார் 1.8 பில்லியன் வெள்ளி. (அதுவும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும், மாணவர்கள் கவனிக்க.) கோடுகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வரைபடம் சிந்தனைக் கருவி, அதில்லாமல் கடைத்தெருப் பேச்சு வெறும் புலம்பலாகிவிடும். கண்ணால் பார்த்த ஒன்றை விளக்க வரையும்போதுதான் அது கருவி.

இந்த மாணவர்களுக்கு வயது பதினேழு, பதினெட்டு. சில ஆண்டுகளில் வாக்களிப்பார்கள். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. விலைவாசி ஏறிய காலத்தில் அதைச் செய்தது சரியா என்று காப்பிக்கடையில் இன்னும் வாதம் நடக்கிறது. சரி என்பவரும் தவறு என்பவரும் அங்கே கணக்கில்லாமல் பேசுகிறார்கள். கணக்கு தெரிந்த பிள்ளைகள் அந்த மேசைப் பக்கமே வருவதில்லை.

கல்வி அமைச்சு புதிய பாடத்திட்டம் வகுக்க வேண்டியதில்லை. ஒரு கல்லூரி முன்வந்தால் போதும். முதலாண்டின் முதல் தவணையில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு குறிப்பேடு, ஆளுக்குப் பத்து வெள்ளி. பத்து மணிக்குள் தேக்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். மதியத்துக்குள் மீன்கடைக்காரர்கள் மேசையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.