ஏ, ஆன், தி: கோடிட்ட இடத்தை நிரப்பியது போதும்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிற பதிவு இல்லை. கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லி நம்மை இத்தனை வருஷமாக என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிய பதிவு. யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை. (இப்படி ஆரம்பித்தாலே யாரையோ புண்படுத்தப் போகிறார்கள் என்று அர்த்தம், அதுவும் தெரியும் :-))

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தோம். அதில் ஆர்ட்டிகிள் பற்றி நமக்குச் சொன்னது மொத்தமே மூன்று வரி. ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் 'ஆன்' போடு. மற்றதுக்கெல்லாம் 'ஏ' போடு. சூரியன், சந்திரன், கங்கை, இமயமலை வந்தால் 'தி' போடு. பரீட்சையில் அஞ்சு கோடிட்ட இடம், அஞ்சு மார்க். முடிந்தது கதை. எங்கே எதுவுமே போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் கோடு போட்டிருந்தால் அதில் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்! அப்புறம் காலேஜுக்கு வந்து நாலு வரி மெயில் எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் கை நின்றுபோகிறது. போடணுமா, வேண்டாமா? எதைப் போடணும்?

இதற்கு மாணவன் மக்கு என்று காரணம் சொல்கிறார்கள். இல்லீங்க. சொல்லிக்கொடுத்ததே கோணல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எழுத்தைப் பார்க்காதே, காதால் கேள்

'ஏ, ஈ, ஐ, ஓ, யூ' விதி பாதி உண்மை. பாதி உண்மை பொய்யைவிட மோசம். 'யுனிவர்சிட்டி' ஆங்கிலத்தில் 'யூ' எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் 'ஏ யுனிவர்சிட்டி' என்பதுதான் சரி. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல் 'எச்' எழுத்தில் தொடங்குகிறது. ஆனால் 'ஆன் அவர்'. 'எம்' உயிரெழுத்தே இல்லை, இருந்தும் 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் எஃப்.ஐ.ஆர்.', 'ஆன் எல்.ஐ.சி. ஏஜென்ட்'. ஏன்? விஷயம் எழுத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது.

இதைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அந்த ஆங்கிலச் சொல்லை வாயில் வருகிறபடி தமிழில் எழுதிப்பார். முதலில் உயிரெழுத்து வந்தால் 'ஆன்'. உயிர்மெய் வந்தால் 'ஏ'. எம்.எல்.ஏ. - 'எ' உயிர், ஆகவே 'ஆன்'. யுனிவர்சிட்டி - 'யு' உயிர்மெய், ஆகவே 'ஏ'. எண் ஒன்றுக்கான ஆங்கிலச் சொல்லை உச்சரித்துப் பாருங்கள், 'வன்' என்றுதான் வரும், ஆகவே ஒரு ரூபாய் நாணயம் 'ஏ ஒன் ருபீ காயின்'. ஆங்கிலேயனுக்கே இல்லாத வசதி நமக்கு இருக்கிறது, ஏனென்றால் நம் எழுத்து பெரும்பாலும் ஒலியை ஒட்டிப் போகிறது. அந்த வசதியை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. இந்த ஏ, ஆன் விவகாரம் நமக்கு அந்நியமே இல்லை. 'ஒரு மரம்', ஆனால் 'ஓர் ஊர்'. 'அது போனது', ஆனால் 'அஃது இல்லை'. உயிர் முன்னால் வந்தால் சொல் வடிவம் மாறுகிற இந்த வித்தையைத் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த பீரியட் ஆங்கில வகுப்பில் அதையே புதுசு மாதிரி பயந்து பயந்து படித்தோம். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு வரி சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

வரலாற்றைப் பார்த்தாலும் பாடம் தலைகீழ். 'ஏ' தான் அசல், உயிர் வந்தால் அது 'ஆன்' ஆகிறது என்று சொல்கிறார்கள். உண்மையில் 'ஆன்' தான் அசல். பழைய ஆங்கிலத்தில் எண் ஒன்றைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. மெய்யொலிக்கு முன்னால் கடைசி 'ன்' தேய்ந்துபோய் 'ஏ' ஆயிற்று. 'தி' என்பது பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல்லிலிருந்து, அதாவது நம்ம 'அந்த' மாதிரியான சொல்லிலிருந்து வந்தது. ஒன்றிலிருந்து 'ஒரு', சுட்டிலிருந்து 'அந்த'. அவர்கள் வீட்டுச் சமையலும் நம்ம வீட்டுச் சாமானில்தான்!

ஆங்கிலேயர்களும் இதில் குழம்பியவர்கள்தான். 'ஏ நேப்ரன்' என்று இருந்ததை 'ஆன் ஏப்ரன்' என்று தப்பாகப் பிரித்துக் கேட்டு, கடைசியில் அந்தத் தப்பையே சரியாக்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்தால் மொழி வளர்ச்சி, நாம் செய்தால் மார்க் போச்சு.

2. 'தமிழில் ஆர்ட்டிகிளே இல்லை, அதான் உனக்கு வரவில்லை'

இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! தனிச்சொல்லாக இல்லைதான். ரஷ்ய மொழியிலும் இல்லை, சீனத்திலும் ஜப்பானியத்திலும் இல்லை. லத்தீனிலேயே இல்லை. அதன் பிள்ளைகளான பிரெஞ்சும் ஸ்பானிஷும் இத்தாலியனும்தான் பிற்பாடு உருவாக்கிக்கொண்டன. ஆனால் ஆர்ட்டிகிள் செய்கிற வேலை தமிழில் இல்லை என்று சொன்னால், மன்னிக்கவும், அது தமிழ் தெரியாதவர் பேச்சு.

ஆர்ட்டிகிள் செய்கிற வேலை என்ன? பேசுகிறவர் கேட்கிறவரிடம் சொல்கிறார்: 'நான் சொல்வது எது என்று உனக்குத் தெரியும்', அல்லது 'எது என்று உனக்குத் தெரியாது, இப்போதுதான் சொல்கிறேன்', அல்லது 'குறிப்பிட்டு எதையும் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்'. முதலாவது 'தி'. இரண்டாவது 'ஏ'. மூன்றாவது, பெரும்பாலும், வெறும் இடம். இந்த மூன்றும்தான் சாராம்சம்.

இப்போது இதைப் பாருங்கள்.

'புத்தகம் வாங்கினேன்.' எந்தப் புத்தகம் என்று உங்களுக்குத் தெரியாது.
'புத்தகத்தை வாங்கினேன்.' ஓ, அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தோமே, அதுவா!

என்ன வித்தியாசம்? ஒரே ஒரு 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு. 'பால் வாங்கிட்டு வா' என்று அம்மா சொன்னால் எந்தப் பாலாக இருந்தாலும் பரவாயில்லை. 'பாலை எடுத்துட்டு வா' என்றால் அடுப்பில் இருக்கிற அந்தப் பால்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட இதில் ஒரு தடவை தப்பு செய்ய மாட்டார்.

இதைவிட அழகானது இருக்கிறது. 'பெண் பார்க்கப் போனான்', 'பெண்ணைப் பார்க்கப் போனான்'. முதலாவதில் சொஜ்ஜி பஜ்ஜி உண்டு. இரண்டாவதில் வீட்டுக்குத் தெரிந்தால் உதை உண்டு :-) இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். 'கோ டு ஸ்கூல்' என்றால் படிக்கப் போவது. 'கோ டு தி ஸ்கூல்' என்றால் அந்தக் கட்டடத்துக்குப் போவது, அப்பா ஃபீஸ் கட்டப் போவது மாதிரி. 'இன் பிரிசன்' என்றால் கைதி. 'இன் தி பிரிசன்' என்றால் பார்க்கப் போன சொந்தக்காரராகவும் இருக்கலாம். 'பெண் பார்க்க' என்பதில் உருபு விழுந்ததும் அது ஒரு சடங்கின் பெயராகிவிடுகிறதே, அதேதான் அங்கே 'தி' விழும்போதும் நடக்கிறது.

இதைச் சொல்லிக்கொடுக்காமல், தமிழில் வாயைத் திறந்தால் ஃபைன் என்று போர்டு மாட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன. நான் படித்த பள்ளியிலும் அந்த போர்டு இருந்தது. ஆங்கிலம் வளர்வதற்காகவாம். ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கை மறக்கச் சொல்லிவிட்டு அதே கணக்கை வேறு எண்ணில் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் கல்வியா?

3. தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு

இதையும் மறைக்கக்கூடாது. 'அந்த' வருகிற இடத்தில் மட்டும் 'தி' போட்டால் மாட்டிக்கொள்வோம். 'சூரியன் உதித்தது' என்றுதான் சொல்கிறோம், 'அந்த சூரியன்' என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'தி' வேண்டும். கேட்கிறவருக்கு எந்த சூரியன் என்று தெரியும், அவ்வளவுதான் காரணம்.

'அவன் டாக்டர்.' தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் 'ஹி இஸ் ஏ டாக்டர்'. நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம் இதுதான். தொழிலைச் சொன்னால் 'ஏ' வேண்டும் என்று தனியாக ஒரு தடவை அழுத்திச் சொன்னால் போதும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை, ஆகவே 'ஆன் அட்வைஸ்' கிடையாது. நாம் 'ஒரு அட்வைஸ்' என்று தாராளமாகச் சொல்வதால் அந்தத் தப்பு வருகிறது.

பெயர்களில் கொஞ்சம் மனப்பாடம்தான். ஆறுக்கு 'தி' உண்டு: தி காவிரி, தி வைகை. மலைத்தொடருக்கு உண்டு: தி ஹிமாலயாஸ், தி நீல்கிரிஸ். தனிச்சிகரத்துக்கு இல்லை: எவரெஸ்ட். 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி' என்றால் எதுவும் வேண்டாம், அதையே 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்று திருப்பிப் போட்டால் முன்னால் 'தி' வரும். 'இந்தியா' சும்மா, 'தி ரிபப்ளிக் ஆஃப் இந்தியா' என்றால் 'தி'யோடு. இதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிடலாம். பன்னிரண்டு வருஷம் வேண்டாம்.

4. இரண்டு கோஷ்டிகள்

ஒரு கோஷ்டி, 'அர்த்தம் புரிஞ்சா போதாதா மச்சி, இதெல்லாம் எதுக்கு' என்கிறது. போதாது. 'ஐ ஹேவ் ஏ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றால் எனக்குச் சில நண்பர்கள் உண்டு. அந்த 'ஏ'யை எடுத்துவிட்டால், எனக்கு நண்பர்களே அதிகம் இல்லை என்ற புலம்பல். ஒரு எழுத்தில் சந்தோஷம் சோகமாகிவிட்டது.

உலக அளவில் வேண்டுமா? 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242-ம் தீர்மானத்தின் ஆங்கில வடிவம், அந்த ஆண்டுப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆனால் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' இல்லை. பிடித்த எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா? பிரெஞ்சு வடிவத்தை எல்லாப் பகுதிகளும் என்றே படிக்கலாம். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. 1969-ல் நிலவில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங், 'ஏ மேன்' என்றுதான் சொல்ல நினைத்ததாகச் சொன்னார். ஆனால் பூமியில் கேட்டவர்கள் காதில் அந்த 'ஏ' விழவில்லை. 'ஏ' இல்லாத 'மேன்' என்றால் மனிதகுலம். ஒரு மனிதனின் சிறிய அடி, மனிதகுலத்தின் பெரும் பாய்ச்சல் என்று ஒப்பிட்ட வாக்கியத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது.

இன்னொரு கோஷ்டி இதற்கு நேர் எதிர். ஒரு 'தி' விட்டுப்போனால் போதும், ஆள் எந்த மீடியம், எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். குரூப் டிஸ்கஷனில் நல்ல கருத்தைச் சொன்ன கிராமத்துப் பையன், ஆர்ட்டிகிள் இல்லாமல் சொன்னதால் சிரிக்கப்படுகிறான். அடுத்த சுற்றில் அவன் வாயே திறப்பதில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை பிரிட்டிஷ்காரர் 'இன் ஹாஸ்பிடல்' என்கிறார், அமெரிக்கர் 'இன் தி ஹாஸ்பிடல்' என்கிறார். இதில் யாரைப் பார்த்துச் சிரிப்பீர்கள்? இலக்கணம் தெரிந்துகொள்வது வேறு, அதை சாதிச் சான்றிதழ் மாதிரி கேட்பது வேறு.

இரண்டு கோஷ்டியும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று கற்காதே என்கிறது, இன்னொன்று கற்க விடாமல் பயமுறுத்துகிறது. நடுவில் அந்தப் பையன் மாட்டிக்கொள்கிறான்.

5. அப்போ என்னதான் செய்யணும்?

கோடிட்ட இடத்தைத் தூக்கி எறியுங்கள். இரண்டு வாக்கியம் கொடுங்கள், ஒன்றில் 'ஏ', ஒன்றில் 'தி'. அர்த்தம் எப்படி மாறுகிறது என்று பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆமாம், தமிழில்தான், ஃபைன் போடாமல். எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'நான் சொல்வது எது என்று படிக்கிறவருக்குத் தெரியுமா?' தெரியும் என்றால் 'தி'. தெரியாது, எண்ணக்கூடிய ஒன்று என்றால் 'ஏ' அல்லது 'ஆன்'. பொதுவாகப் பல, அல்லது எண்ணவே முடியாதது என்றால் சும்மா விடு. பத்தில் ஏழெட்டு இடம் இதிலேயே தேறிவிடும். மிச்சம் படிக்கப் படிக்க வரும்.

எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசித்துப் பேசுவதுதான் ஆர்ட்டிகிள். நமக்குப் பாடம் நடத்தியவர்கள் அந்த ஒரு கேள்வியை நம்மைப் பார்த்துக் கேட்டிருந்தால், இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஒரு நாள் யோசித்திருந்தால், இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

பி.கு: 2022-ல் அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி, சட்டை தொப்பிகளில் 'தி' என்ற சொல்லைப் போட்டுக்கொள்ள டிரேட்மார்க்கே வாங்கிவிட்டது. நல்லவேளை, 'ஐ' உருபுக்கு இன்னும் யாரும் விண்ணப்பிக்கவில்லை :-)