மாடித்தோட்டமா, உழவர் சந்தையா?

உணவு ஆலோசனைக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடைக் காய்களில் எல்லாம் பூச்சிமருந்தாமே, வீட்டு மாடியிலேயே பயிரிட்டுவிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவருடைய மனைவியோ மகளோதான். எங்கள் விடை சற்றுத் தயங்கி வருவதற்கு அதுவே காரணம்.

வீட்டுக் கீரையின் சுவையை நாங்கள் மறுக்கவில்லை. விதைத்த 25 முதல் 30 நாட்களில் சிறுகீரை பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். தக்காளியும் கத்தரியும் அப்படி அல்ல. நாற்று நட்ட பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை நாள்தோறும் நீர், மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல், காற்றடித்தால் முட்டு. வாரம் மும்முறை டயாலிசிஸுக்கு உடன் வருபவருக்கு அந்தத் தோட்டம் இரண்டாவது நோயாளி ஆகிவிடுகிறது. அத்தனை உழைத்தும் பத்துப் பைச் செடிகள் ஒரு குடும்பத்தின் தேவையை நிறைவு செய்வதில்லை.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்டோரும் கீமோதெரபி பெறுவோரும் மக்கிய உரத்தைக் கிளறுதல் கூடாது. அதிலுள்ள பூஞ்சை வித்துகள் அவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடும். மழைக்கால ஈர மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி நீரிழிவு உள்ளோரை எளிதில் பற்றுகிறது. காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலுடன் தோட்டத்தில் நடப்பதை நாங்கள் எவ்வகையிலும் ஏற்பதற்கில்லை.

ஆகவே சிகிச்சை நடக்கும் காலத்தில் உழவர் சந்தையே மேல் என்பது எங்கள் கருத்து. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய அத்திட்டத்தில், அடையாள அட்டை பெற்ற விவசாயியே நேரில் விற்கிறார். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று அவரிடமே கேட்கலாம். அங்குள்ள காய் மருந்தே படாதது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுதலும், இயன்றவற்றில் தோல் சீவுதலும் அவசியம்.

இன்னொன்று. வீட்டில் விளைந்தது என்ற பெருமிதத்தில் முருங்கைக்கீரையை நாள் தவறாமல் சமைக்கும் குடும்பங்கள் உண்டு. பொட்டாசியத்துக்கு வீடு, சந்தை என்ற வேறுபாடு தெரியாது. சிறுநீரக நோயாளிக்கு மருத்துவர் அனுமதித்த காயையும் நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டினால் மருந்தின் ஆற்றல் குறையும்.

இத்தனைக்குப் பிறகும், செடி வளர்த்தால்தான் மனம் ஆறும் என்று சில பெரியவர்கள் எங்களிடம் வாதிடுவர். அவர்களிடம் நாங்கள் தோற்றுத்தான் போகிறோம். மருத்துவர் இசைந்தால் இரண்டு தொட்டிகளில் கொத்தமல்லியும் புதினாவும் வைக்கலாம். மண் கலக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். எந்தக் கீரை எவ்வளவு என்று கேட்க வரும்போது, அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவையும் உடன் கொண்டு வாருங்கள்.