கரிசல் மண்ணும் வாடகை வீடும்

ஓய்வுக்காலத்தில் கைக்கு வந்த பொருளைக்கொண்டு கோவிற்பட்டியில் இரண்டொரு வீடு கட்டி வாடகைக்கு விடலாமென எண்ணுவோர் நம் பழைய மாணவருள் உளர். எண்ணம் நன்றே, ஆயினும் வாடகை முழுதும் வருமானமென்று கொள்ளுதல் தவறாம். வரி, பழுதுபார்க்குஞ் செலவு, வீடு பூட்டிக்கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவதே வருமானம்.

கரிசல் மண் மழையிற் பருத்துக் கோடையிற் சுருங்கி வெடிக்கும். ஆழமில்லா அஸ்திவாரத்தின்மேல் எழுந்த சுவர் பிளவுறுவது இதனாலன்றோ? இத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் அடியிற் குமிழ்போல் அகன்ற தூண் அஸ்திவாரத்தை வகுத்தனர். பூச்சுவேலையிற் சிக்கனம் செய்யினும் அஸ்திவாரத்திற் செய்தலாகாது. சுவரோரம் நீர் தேங்க விடுதலும் ஆகாது.

வாய்ச்சொல்லை நம்பி வீடு விடும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவுபெற வேண்டுமென விதிக்கின்றது. மாறான உடன்பாடு இல்லாவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. பிணக்கு நேரினும் குடியிருப்போர்க்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துதல் கூடாது.

சட்டத்திற்கு அப்பாலும் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் தீக்குச்சி எளிதில் உலராது; தீப்பெட்டித் தொழிலாளர் கூலி குறைதலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தவணை கேட்பவரை உடனே வெளியேற்றின், பூட்டிய வீடே மிஞ்சும். தவணையை எழுதிக்கொண்டு தைமாதம்வரை பொறுப்பின், நல்ல குடி பல்லாண்டு நிலைக்கும். பொறுமையும் ஒரு முதலீடே என்பது நம் துணிபு.